மீதியைக் கட்டியவர் யார்? கிறிஸ்தவ உயர்கல்வியின் விலையும் பெறுமதியும்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கணக்கு

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரம், யாழ்ப்பாணத்து வீடுகளில் கணக்குப் பார்க்கும் வாரம். இசட் புள்ளி வெட்டுப்புள்ளியைத் தாண்டுமா என்பது முதற் கணக்கு. தாண்டாவிட்டால் கொழும்பில் காசு கட்டிப் படிப்பிப்பதா, தமிழ்நாட்டுக்கு அனுப்புவதா, ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவிடம் கேட்டு வேறு நாடு பார்ப்பதா என்பது அடுத்த கணக்கு. கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்னொரு தெரிவும் பேச்சில் வந்து சேரும். போதகரோ பங்குத்தந்தையோ சொன்ன ஏதோவொரு கிறிஸ்தவக் கல்லூரி. "அங்கே செலவு குறைவாம்", "அங்கே பிள்ளை கெட்டுப்போகாதாம்" என்ற இரண்டு "ஆம்"களோடு அந்தப் பேச்சுத் தொடங்கும்.

செலவு எவ்வளவு, அதற்குக் கிடைப்பது என்ன என்ற இந்தக் கேள்விக்குக் குடாநாட்டில் இருநூறு வயது. இன்று இங்கே கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் 1823இலேயே அப்படியொன்றுக்குத் திட்டம் எழுதப்பட்ட மண் இது. அதன் பின்னர் இங்கே கிறிஸ்தவ உயர்கல்வி பல வேடங்களில் நடந்திருக்கிறது: முழு இலவசமாக, கட்டணம் வாங்கி, தமிழில், ஆங்கிலத்தில், வெளிநாட்டுக் காசில், உள்ளூர்க் காசில். ஒரே ஊருக்குள் இத்தனை வகையும் பார்த்துவிட்டபடியால், இன்றைய தெரிவுகளை எடைபோடும் தராசு எங்கள் கைக்குள்ளேயே இருக்கிறது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான். எந்தக் கல்லூரியிலும் மாணவர் கட்டுவது செலவின் ஒரு பங்கு மட்டுமே. மீதியை வேறு யாரோ கட்டுகிறார்கள். அவர் யார், பதிலுக்கு எதை எதிர்பார்க்கிறார் என்று கேட்டால்தான் அந்தப் படிப்பின் உண்மையான விலை வெளியே வரும்.

சாசனம் கிடைக்காத கல்லூரி

அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும், போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயங்கள் பாழாய்க் கிடந்த வளவுகளில் அவர்கள் குடியேறினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, தமிழ் இளைஞருக்கு இலக்கியமும் விஞ்ஞானமும் சமயமும் கற்பிக்க ஒரு கல்லூரி வேண்டுமென்று அச்சிட்ட திட்டமொன்றை வெளியிட்டார்கள். பட்டம் கொடுக்கும் உரிமைக்கு அரசாங்கத்தின் சாசனம் தேவைப்பட்டது. பிரித்தானிய அரசு அதைக் கொடுக்கவில்லை. அமெரிக்கர் இங்கே கூடுவதையே விரும்பாத ஆட்சி அது. மிசனுக்கு வந்த அச்சுத் தொழிலாளி ஒருவரை நாட்டில் தங்கவிடாமல் திருப்பி அனுப்பிய ஆட்சி.

அதே காலத்தில் வங்காளத்தின் செராம்பூரில் வேறு கதை நடந்தது. அங்கே மிசனரிகள் 1818இல் தொடங்கிய கல்லூரிக்கு, அந்த ஊரை அப்போது ஆண்ட டென்மார்க் அரசர் 1827இல் பட்டமளிக்கும் சாசனத்தையே கொடுத்துவிட்டார். இன்றும் இந்தியாவிலும் இலங்கையிலும் இறையியல் படிப்பவர் பலர் பெறுவது செராம்பூர்ப் பட்டமே. 1963இல் பிலிமத்தலாவையில் தொடங்கிய இலங்கை இறையியற் கல்லூரியும் அந்த வழியில் வந்ததுதான். ஒரே வகைத் திட்டம் இரண்டு. ஒன்றுக்கு அரசனின் கையெழுத்துக் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை.

ஆகவே வட்டுக்கோட்டை நிறுவனம் தரத்தில் கல்லூரியாகவும் பெயரில் செமினறியாகவும் நடந்தது. ஊரவர் அதைச் சாத்திரசாலை என்றார்கள். கணிதம், வானியல், தருக்கம், பௌதிகம், ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், வேதாகமம் எல்லாம் அங்கே பாடங்கள். டானியல் பூவர், ஹொய்சிங்ரன் போன்றோர் தலைமை தாங்கினார்கள். 1850இல் வெளிவந்த தமது நூலில், குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், இதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒரே வரிசையில் வைக்கலாம் என்று எழுதினார். பட்டம் மட்டும் இல்லை. தரம் வேறு, தாள் வேறு என்ற பாடத்தை யாழ்ப்பாணம் அப்போதே படித்துவிட்டது.

பெயரை விற்று வாங்கிய படிப்பு

செமினறியின் ஆரம்ப காலத்தில் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. உணவு, உடை, உறையுள், புத்தகம் எல்லாம் மிசன் செலவு. மீதி என்று சொல்ல என்ன இருக்கிறது, முழுவதையுமே அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கத்துச் சபையார் கட்டினார்கள். இன்னாருடைய காசில் இன்ன பிள்ளை என்று கணக்கு வைக்கப்பட்டது. காசு கொடுத்தவர் தாம் மதித்த ஒருவருடைய பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாம். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை என்று எங்கள் இலக்கிய வரலாற்றில் வரும் இரட்டைப் பெயர்களின் முற்பாதி, கட்டணச் சீட்டுக்கு ஒப்பானது. யார் கட்டினார் என்பதன் அடையாளம் மாணவரின் நெற்றியிலேயே எழுதப்பட்டது.

பெற்றார் காசு கட்டவில்லை என்பதற்காக ஒன்றும் கட்டவில்லை என்று சொல்ல முடியாது. சமைப்பவர் என்ன சாதி, பந்தியில் பக்கத்தில் இருப்பவர் யார் என்ற கேள்விகள் அந்த வளவுக்குள் கலைந்துபோகும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஊரில் ஏச்சு, உறவில் விலக்கு, பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுவிடுமோ என்ற பயம், இவையெல்லாம் அந்த இலவசத்தின் விலை. பயத்தோடுதான் அனுப்பினார்கள். ஆனாலும் அனுப்பினார்கள். ஆங்கிலம் படித்தவனுக்குக் கந்தோரில் கதிரை இருந்தது.

பெண்பிள்ளைகளின் கணக்கு இன்னும் கூர்மையானது. 1824இல் ஹரியட் வின்சுலோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார் இல்லை. ஆணுக்குப் படிப்பு உத்தியோகம் தரும். பெண்ணுக்கு அது என்ன தரும் என்று ஊர் கேட்டது. மிசன் சொன்ன பதில் யாழ்ப்பாணத்தார் மொழியிலேயே இருந்தது: படிப்பை முடித்துக் கிறிஸ்தவனை மணக்கும் பெண்ணுக்கு மிசனே சீதனம் கொடுக்கும். சீதனச் சொத்தின் விதிகளையே 1707இல் தேசவழமையாகத் தொகுத்து வைத்திருந்த சமூகத்துக்கு அந்தப் பேச்சு உடனே புரிந்தது. கட்டணம் வாங்காததோடு நில்லாமல், படிக்க வந்ததற்குக் காசு கொடுத்த கல்வி அது. சில ஆண்டுகளில் சீதனம் தேவைப்படாத அளவுக்குப் பெண்கல்விக்கே ஒரு மதிப்பு ஏறியதுதான் அந்த முதலீட்டின் பலன். உடுவிலில் படித்த மனைவி வேண்டுமென்று செமினறி வாலிபர் தேடத் தொடங்கினார்கள்.

1855: பொஸ்ரன் பார்த்த கணக்கு

மீதியைக் கட்டியவர் ஒருநாள் பேரேட்டைத் திறந்து பார்ப்பார். வட்டுக்கோட்டையில் அது நடந்தது 1855இல். பொஸ்ரனில் இருந்த அமெரிக்க மிசன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் கடல்கடந்து நேரிலேயே வந்தார். சுயமாகத் தன்னைத் தாங்கும், சுயமாக ஆளும், சுயமாகப் பரவும் உள்ளூர்ச் சபைகளை உண்டாக்குவதே மிசனின் வேலை என்பது அவர் கொள்கை. அதற்குத் தமிழில் பிரசங்கிக்கும் போதகர்கள் வேண்டும். ஆங்கிலத்தில் வானியல் படித்தவர்கள் எதற்கு?

பேரேடு அவருக்குச் சாதகமாகத்தான் பேசியது. படித்து வெளியேறியவர்களில் பலர் அரசாங்க உத்தியோகத்துக்கும் வணிகத்துக்கும் போயிருந்தார்கள். பிற்காலத்தில் கட்டணம் கட்டிப் படிக்கச் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் கூடுதலாக வந்தார்கள். அவர்கள் கல்வியை எடுத்தார்கள், சமயத்தை விட்டுவிட்டார்கள். சபையில் சேர்ந்தவர்களிலும் சிலர் பின்னர் சைவத்துக்குத் திரும்பினார்கள். கொடையாளியின் பார்வையில் இது நட்டம். செமினறி மூடப்பட்டது.

அன்டர்சனைப் பிழை சொல்வது எளிது. எங்கள் வரலாற்றெழுத்து பெரும்பாலும் அதைத்தான் செய்திருக்கிறது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. மாசச்சூசெற்ஸ் விவசாயியின் காணிக்கையில் கொழும்புக் கச்சேரிக்கு எழுதுவினைஞரைப் பயிற்றுவிப்பது எந்த வகையில் தருமம்? அவர் தவறியது கேள்வியில் இல்லை. பலன் வரும் இடம் ஒன்றே ஒன்றுதான், அது சபையின் அங்கத்தவர் பதிவேடு என்று நம்பியதில் தவறினார்.

பதிவேட்டில் ஏறாத வரவு

அந்தப் பதிவேட்டுக்கு வெளியே விழுந்த வரவுகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் பட்டதாரிகள் இருவர்: கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினறியின் பிள்ளைகள். மூடப்பட்ட கல்லூரி, தான் மூடப்பட்டு ஓரிரு ஆண்டுகளில் கடல்கடந்து பரீட்சையில் சித்தியடைந்தது என்று சொல்லலாம்.

தாமோதரம்பிள்ளை பின்னர் சைவரானார். கொடையாளியின் கணக்கில் அது கைவிட்டுப்போன பணம். ஆனால் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர். உ. வே. சாமிநாதையருக்கு முன்னரே அந்த வேலையில் இறங்கியவர். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்க்கும் ஒழுங்குக்கும், அச்சுக் கூடத்தின் பழக்கத்துக்கும் வட்டுக்கோட்டைப் பயிற்சி உதவவில்லை என்று யார் சொல்வார்?

1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையை நடத்திய ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினறியில் படித்தவர்கள். 1862இல் சென்னையில் வெளிவந்த, ஹரியட்டின் கணவர் வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அதன் அடித்தளம் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பலர் செய்த சொல் திரட்டு. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் பாவலர் சரித்திர தீபகம் தமிழ்ப் புலவர் வரலாற்றை அகரவரிசையில் தந்தது. இவை ஒன்றும் ஞானஸ்நான எண்ணிக்கையில் சேராது. தமிழுக்கு வந்த வரவு.

இன்னொரு வரவு, போட்டியால் வந்தது. வெஸ்லியன் மிசன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிசனின் பாடநூல், வகுப்பு முறை, அச்சியந்திரம் எல்லாம் மிசனுக்கே எதிராகத் திரும்பின. பின்னர் இந்துக் கல்லூரிகள் எழுந்தன. கோயிலை விடாமலே படிக்கலாம் என்று வந்ததும், மிசன் கல்வியின் பழைய விலையைக் கட்டாயமாகக் கொடுக்கவேண்டிய தேவை போயிற்று. ஒரு கல்லூரியின் பெறுமதியில் அது தூண்டிவிட்ட போட்டியையும் சேர்க்கவேண்டும்.

மானிப்பாயில் ஒரு மாற்று வழி

அன்டர்சனின் கேள்விக்கு அதே மிசனுக்குள்ளேயே இன்னொருவர் வேறு விடை கண்டார். வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியப் பள்ளியை நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். அப்படிப் படித்தவர்கள் அரசாங்க வேலைக்கும் வெளியூருக்கும் போனார்கள். ஊர் ஊராக வைத்தியர் வேண்டுமென்றால் தமிழில் படிப்பிக்கவேண்டும் என்று முடிவெடுத்தார். இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று தொடங்கி 4,000 பக்கங்களுக்கு மேல் மேனாட்டு வைத்தியம் தமிழாகியது. 60க்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவர் கையில் உருவானார்கள்.

கிறீனின் ஏற்பாட்டைச் செலவு, பெறுமதிக் கண்ணாடியால் பார்த்தால் அதன் தெளிவு புரியும். படித்தவர் எங்கே நிற்கவேண்டும் என்று முதலில் முடிவு செய்தார். அதற்கேற்ற மொழியைப் பிறகு தெரிந்தார். பாடமொழிதான் அவருடைய ஒப்பந்தப் பத்திரம். தமிழில் மட்டும் வைத்தியம் படித்தவருக்குக் கொழும்பு கதவு திறக்காது. உடுப்பிட்டியும் சாவகச்சேரியும் திறக்கும். மாணவருக்கு அது ஒரு இழப்பு என்பதையும் மறைக்கக்கூடாது. அவருடைய எதிர்காலத்தைச் சுருக்கித்தான் ஊருக்கு வைத்தியம் கிடைத்தது. இலவசக் கல்விக்குள் இருக்கும் இந்தப் பேரம் எல்லாக் காலத்துக்கும் பொது.

கட்டணமும் கலியாணச் சந்தையும்

செமினறி போனதை ஊர் ஒப்பவில்லை. 1872இல் அதே வட்டுக்கோட்டை வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. முதல் அதிபர் ஹேஸ்ரிங்ஸ். இம்முறை ஏற்பாடு வேறு. அமெரிக்காவிலும் இங்கேயும் முதல் திரட்டப்பட்டது. அமெரிக்க நிதியைப் பராமரிக்க அங்கே ஒரு அறங்காவலர் குழு இருந்தது. மாணவர் கட்டணம் கட்டினார்கள். பட்டத்துக்கு முதலில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு, பின்னர் இலண்டன் வெளிவாரிப் பரீட்சை. கட்டணம் கட்டியவர் வாடிக்கையாளர். அவர் கேட்டது உத்தியோகத்துக்கு உதவும் ஆங்கிலம். மிசன் கேட்ட சமய விளைவைக் குறித்து இரு தரப்பும் ஒரு மாதிரி ஒத்துப்போனார்கள்: காலையில் செபம், மற்ற நேரம் பாடம்.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற யாழ்ப்பாணப் பழமொழி இந்தக் காலத்தின் பொருளாதாரம். கொழும்பில் கந்தோர், மலாயாவில் ரயில்வே, மாதம் தவறாத மணியோடர், முடிவில் பென்சன். மலாயாப் பென்சன்காரரின் கல்வீடுகள் இன்றும் ஊர்களில் நிற்கின்றன. மிசன் பாடசாலைக் கட்டணம் இலாபமான முதலீடு என்பதற்குச் சுண்ணாம்பும் கல்லுமாக எழுந்த சாட்சிகள்.

ஆனால் அந்த இலாபம் இன்னோர் இடத்திலும் வசூலிக்கப்பட்டது. ஆங்கிலம் படித்த மாப்பிள்ளைக்குச் சீதனம் ஏறியது. பட்டதாரிக்கு ஒரு விலை, வைத்தியருக்கு ஒரு விலை, பொறியியலாளருக்கு ஒரு விலை. மகனைப் படிப்பித்த தகப்பன் போட்ட காசை, பெண்ணைப் பெற்ற இன்னொரு தகப்பன் காணியாகவும் நகையாகவும் திருப்பிக் கொடுத்தார். படிப்பின் மீதியைக் கட்டியவர் பட்டியலில், எந்தப் பேரேட்டிலும் வராத இவரையும் எழுதவேண்டும். உடுவிலில் பெண்ணைப் படிக்கவைக்கச் சீதனம் கொடுத்தது மிசன். படித்த ஆணை வாங்கச் சீதனம் கொடுத்தது ஊர். ஒரே நாணயம், இரண்டு திசை. பெறுமதி கூடிய கல்வி என்று நாம் கொண்டாடுவதில் எவ்வளவு அறிவின் பெறுமதி, எவ்வளவு சந்தை விலை என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அரசு கட்டத் தொடங்கியபோது

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961 ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற மிசன் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் கைக்குப் போயின. யாழ்ப்பாணக் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி, சம்பத்திரிசியார் கல்லூரி போன்ற சில தனியாராக நின்றன. நிற்பதற்கான செலவைப் பெற்றாரும் பழைய மாணவரும் வெளிநாட்டு நிதியும் சுமந்தார்கள்.

உயர்கல்வியில் திருப்பம் 1974இல். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் கைலாசபதியின் தலைமையில் தொடங்கியபோது, அதற்கு இரண்டு கட்டடங்கள் கிடைத்தன: திருநெல்வேலியில் பொன்னம்பலம் இராமநாதன் கட்டிய பரமேசுவரக் கல்லூரி, வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு. சைவம் கட்டியதும் மிசன் கட்டியதும் ஒரே அரச நிறுவனத்துக்குள் சேர்ந்தன. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. 1823இல் கேட்ட சாசனம் ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்தது. அப்போது அது கிறிஸ்தவப் பல்கலைக்கழகமாக இல்லை, எல்லோருக்குமான பல்கலைக்கழகமாக இருந்தது. கட்டணமும் இல்லை.

அதற்குப் பிறகு இலங்கையில் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகம் என்ற பேச்சே வீதிக்கு வரும் பேச்சாயிற்று. மாலபேயின் சைற்றம் மருத்துவக் கல்லூரியைச் சுற்றி எழுந்த போராட்டம் இன்னும் மறக்கவில்லை. கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்று குடாநாட்டில் எழாததற்கு நிதிக் குறைவு மட்டும் காரணம் இல்லை. இலவசக் கல்வி இங்கே கிட்டத்தட்ட ஒரு சமயம்.

இன்றைய நான்கு வாசல்கள்

இனி அந்த வீட்டு மேசைக்குத் திரும்புவோம். இன்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றுக்கு முன்னால் இருப்பவை பெரும்பாடு நான்கு வாசல்கள்.

முதலாவது அரசப் பல்கலைக்கழகம். கல்விக் கட்டணம் இல்லை. தகுதியுள்ளவருக்கு மகாபொல உதவியும் உண்டு. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுபவரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே இடம். மாவட்ட ஒதுக்கீட்டில் யாழ்ப்பாணத்தின் வெட்டுப்புள்ளி பெரும்பாலும் உயர்ந்தே நிற்கும். எனவே செலவு முன்னாலேயே வந்துவிடுகிறது: ரியூட்டரிக் காசு, இரண்டாந் தரம், மூன்றாந் தரம் எழுதும் ஆண்டுகள், அனுமதி கிடைத்தும் தொடங்கக் காத்திருக்கும் மாதங்கள். இலவசத்தின் கட்டணம் காலமாக அறவிடப்படுகிறது.

இரண்டாவது தமிழ்நாட்டின் கிறிஸ்தவக் கலைக் கல்லூரிகள். இவற்றில் சில எங்கள் உறவுக்காரர். 1834இல் மதுரையில் அமெரிக்க மிசன் வேலையைத் தொடங்கியவர்கள் யாழ்ப்பாணத்து மிசனரிகள். அந்த வேரிலிருந்து 1881இல் அமெரிக்கன் கல்லூரி முளைத்தது. வட்டுக்கோட்டை டானியல் பூவரும் சில ஆண்டுகள் மதுரையில் உழைத்தவர். 1837இல் தொடங்கி 1937இல் தாம்பரத்துக் காட்டுக்குள் குடிபோன சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, இலயோலா, திருச்சி சூசையப்பர் கல்லூரி என்று வரிசை நீளம். இங்கே கவனிக்கவேண்டியது ஒரே வளாகத்துக்குள் இருக்கும் இரண்டு விலைகள். அரசு ஆசிரியர் சம்பளத்தைக் கட்டும் உதவிபெறும் பிரிவு மலிவு. சுயநிதிப் பிரிவு அப்படியல்ல. அங்கே மீதி என்று ஒன்று இல்லை, எல்லாம் மாணவர் தலையில். வெளிநாட்டு மாணவர் என்ற வகையில் இலங்கையருக்குக் கட்டணம் இன்னும் கூடலாம். "அங்கே செலவு குறைவாம்" என்று சொல்பவர் எந்தப் பிரிவைச் சொல்கிறார் என்று கேட்கவேண்டும்.

மூன்றாவது வாசலை வேலூர் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் திறக்கும் வாசல் இல்லை இது, ஆனால் ஒப்பிடுவதற்கு இதைவிடச் சிறந்தது கிடையாது. இதன் வேரும் எங்கள் மண்ணில்தான். 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கிய ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவமனைதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இந்தியாவின் தனியார் மருத்துவக் கல்லூரிகள் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் வாங்கும்போது, இங்கே மருத்துவப் பட்டத்துக்கான கல்விக் கட்டணம் நெடுங்காலமாக ஆண்டுக்கு 3,000 இந்திய ரூபா என்ற அளவிலேயே இருந்து வந்திருக்கிறது. மருத்துவமனை வருமானமும் சபைகளின் உதவியும் மீதியைச் சுமக்கின்றன. பதிலுக்குக் கேட்பது ஒளிவுமறைவில்லாதது: சபைகளின் பரிந்துரையில் சேர்ந்தவர் படிப்பு முடிந்தபின் தேவையுள்ள இடத்து மிசன் மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை செய்யவேண்டும். கிறீன் மொழியால் போட்ட ஒப்பந்தத்தை வேலூர் காலத்தால் போடுகிறது. மாணவரின் எதிர்காலத்தை மூடாமல், அதில் ஒரு பங்கை மட்டும் கேட்கிறது.

நான்காவது, அமெரிக்கா. அங்கே கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்ற ஒரே பெயருக்குள் எத்தனையோ சந்தைகள். கத்தோலிக்கரின் நோட்ரடாமில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 60,000 டொலருக்கு மேல். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் ஒரு கோடியே எண்பது இலட்சம். 2022இல் சில வாரங்களுக்குள் ரூபா சரிந்து டொலர் 200இலிருந்து 360 வரை போனபோது, பிள்ளையை அங்கே வைத்திருந்த பெற்றாருக்கு ஒரே படிப்பின் விலை ஏறத்தாழ இருமடங்கானது. ஆனால் அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் அறிவித்த விலையை எல்லோரும் கட்டுவதில்லை. முதலாண்டு மாணவருக்குச் சராசரியில் பாதிக்கும் மேல் கழிவு கொடுக்கப்படுகிறது. சந்தைக் கடையில் விலை பேசுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மோர்மன் சபையின் பிரிகம் யங் பல்கலைக்கழகம், தசமபாகம் கொடுக்கும் சபையாரின் பிள்ளைக்கு ஒரு விலையும் மற்றவருக்கு அதன் இருமடங்கும் வாங்குகிறது. யார் மீதியைக் கட்டுகிறார் என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதிவைத்திருக்கும் நேர்மை அது.

கென்ரக்கி மாநிலத்தின் பெரேயாக் கல்லூரி இவற்றில் தனி. அடிமை முறையை எதிர்த்த போதகர் ஒருவர் அதைத் தொடங்கிய ஆண்டு 1855, வட்டுக்கோட்டை மூடப்பட்ட அதே ஆண்டு. 1892 முதல் அங்கே எந்த மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. சேமநிதியின் வருமானம் மீதியைக் கட்டுகிறது. மாணவர் ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணிநேரம் கல்லூரி வேலை செய்யவேண்டும். ஆண்டுக்கு ஒரு சில வெளிநாட்டவருக்கும் இடம் உண்டு. ஒரே மாதிரியான நம்பிக்கையில் பிறந்த இரண்டு கல்லூரிகளில் ஒன்று கொடையாளியின் மனமாற்றத்தோடு மூடியது, மற்றது சொந்த முதலில் நின்று பிழைத்தது. வட்டுக்கோட்டைக்கு அந்த முதல் வருவதற்கு 1872 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

பல்லைப் பிடித்துப் பார்க்கும் கேள்விகள்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கல்வி விடயத்தில் பார்க்கத்தான் வேண்டும். முதற் கேள்வி, நான்கு ஆண்டுக்கான முழுச் செலவு என்ன, அதில் நாணய வீழ்ச்சிக்கு எவ்வளவு இடம் விடப்பட்டிருக்கிறது என்பது. அடுத்து, அந்தப் பட்டத்தை இலங்கையின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா? மருத்துவமென்றால் நாட்டுக்குத் திரும்பியபின் இன்னொரு பரீட்சை எழுதவேண்டிவரும். செமினறியின் தரமும் தாளும் வேறாக இருந்ததை மறக்கக்கூடாது. மூன்றாவது, மீதியைக் கட்டுபவர் பதிலுக்குக் கேட்பது என்ன? சமய ஒழுக்க உறுதிமொழியா, சேவைக் காலமா, வேலையா? எழுத்தில் இருந்தால் நல்லது. எழுதாமல் எதிர்பார்ப்பவரோடுதான் பின்னர் மனக்கசப்பு வரும். அன்டர்சனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது அதுதான்.

"பிள்ளை கெட்டுப்போகாதாம்" என்ற இரண்டாவது "ஆம்"க்கு வரலாறு சொல்லும் பதில் சிக்கலானது. விடுதிச் சுவர், செப நேரம், கட்டுப்பாடு எல்லாம் இருந்த வட்டுக்கோட்டையிலிருந்துதான் சைவரான பெரும் பதிப்பாசிரியர் தாமோதரம்பிள்ளை வந்தார். நல்ல கல்லூரி பிள்ளையைத் தன் அச்சில் வார்க்காது, யோசிக்கப் பழக்கிவிடும். அந்த யோசனை எங்கே போகுமென்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. உத்தரவாதம் தருகிற இடத்தில் கல்வி குறைவாக இருக்கும்.

கடைசியாக, நாம் கணக்கே பார்க்காத ஒரு கொடையாளி இருக்கிறார். இலங்கை அரசின் வரி வருமானத்தில் பெரும்பகுதி மறைமுக வரி. திருநெல்வேலியில் கட்டணமில்லாமல் படிக்கும் பிள்ளையின் மீதியை, சவர்க்காரத்துக்கும் சீனிக்கும் வரி கட்டும் ஹட்டன் கொழுந்துப் பெண்ணும், கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும், வன்னி வயற்காரரும் சேர்ந்து கட்டுகிறார்கள். அவர்கள் யாரும் பிள்ளைக்குத் தங்கள் பெயரை வைக்கவில்லை. பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டதாரி எங்கே போனார் என்று கேட்கவுமில்லை. நியூ இங்கிலாந்துச் சபையார் கேட்டார்கள், கோபம் வந்தது. வேலூர் இரண்டு ஆண்டு கேட்கிறது, மரியாதை வருகிறது. ஒன்றும் கேட்காதவருக்கு நாம் என்ன கொடுத்தோம் என்ற கணக்கு மட்டும், பெறுபேறு வந்த வாரத்தில்கூட எந்த வீட்டு மேசையிலும் வருவதில்லை.